பூனைக்குப் போட்ட மீன்

மீன் மண்டபத்தில் அவளைச் செவுளம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. படகிலிருந்து இறங்குவது எந்த மீனானாலும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வராது. செவுள் ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். கண் தெளிந்து லேசாகப் பிதுங்கியிருக்க வேண்டும். விரலால் அமுக்கினால் குழி நிற்காமல் சதை எழும்ப வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும், ஏலக்காரன் எவ்வளவு தேன் தடவிப் பேசினாலும், கூடையைக் காலால் ஒதுக்கிவிட்டு அடுத்த படகுக்குப் போய்விடுவாள். இருபத்தெட்டு வருஷத்தில் அவளிடம் மீன் வாங்கித் தின்ற ஒருவருக்கும் வயிறு வலித்ததில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்று நான் சொல்வது மரியாதைக்கு.

மண்டபம் என்றால் தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை. இரண்டு வரிசை சிமென்ட் மேடை, நடுவில் சாக்கடை, ஓயாமல் ஓடும் ரப்பர் குழாய். அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கூரையில் தூறல் சத்தம், கீழே ஐஸ் உடைக்கும் சத்தம், இரண்டுக்கும் நடுவே நாற்பது பெண்களின் வாய்ச் சத்தம். விடிந்ததும் தொடங்கினால் மதியம் வரை நின்ற கால் நின்றபடிதான். ஐஸ் தண்ணீரில் ஊறி அவர்கள் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கிக் கிடக்கும். வீட்டுக்குப் போய்ச் சுடுதண்ணீரில் முக்கினால்தான் விரல் தன்னுடையது என்று தெரியும்.

அந்த மண்டபத்தில் எல்லாரும் கடைசியில் மிஞ்சியதைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். செவுளம்மா மட்டும் நேர்மாறு. வியாபாரம் தொடங்குமுன்னே, முதல் மீனை அறுத்த கையோடு, அதில் நல்ல துண்டை வீட்டுக்கென்று எடுத்து ஐஸில் புதைத்து வைத்துவிடுவாள். "ஊருக்கு நல்லதைக் குடுத்துட்டு வீட்டுக்குக் கழிசல கொண்டு போறவ கை ராசியில்லாத கை" என்பாள். அதைச் சொல்லும்போது பக்கத்து மேடையைப் பார்க்காமல் சொல்ல மாட்டாள்.

பக்கத்து மேடைக்காரி மத்தியும் நெத்திலியும் விற்கிறவள். பெரிய மீன் எடுக்க அவளிடம் முதல் கிடையாது. மதியம் மேடையைக் கழுவும்போது விற்காத மத்தியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போடுவாள். யாராவது பார்த்துவிட்டால் "பூனைக்கு" என்பாள். செவுளம்மாவும் அவளும் ஒரே தெரு. வலைக் கிடங்கு நாய்கள் சுற்றும் அந்தத் தெருவில் பூனை என்று ஒன்று வாழ்ந்ததே இல்லை. ஆகவே அவளுக்குப் பூனைக்காரி என்று பெயர் நிலைத்துவிட்டது. பிறகு அது மண்டபம் முழுக்கப் பரவியது. ஐஸ்காரன் உடைந்த பிஸ்கட்டை அரை விலைக்கு வாங்கும்போது "பூனைக்கு" என்பான். கூடை தூக்குகிறவன் யாரோ கொடுத்த பழைய சட்டையை மடித்து வைக்கும்போது "பூனைக்கு" என்பான். அங்கே வெட்கத்தை மூடும் துணிக்குப் பூனை என்று பேர்.

செவுளம்மாவுக்கு ஒரே மகன். ஆழ்கடல் படகில் போகிறவன். போனால் இருபது நாள், வந்தால் நான்கு நாள். புருஷன் செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மருமகள் கடலைப் பார்க்காத ஊரில் பிறந்தவள். தையல் கடையில் பட்டன் தைக்கிற வேலை. கல்யாணமாகி வந்த புதிதில் மீன் வாடை பட்டாலே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுவாள். செவுளம்மா அதைத் தன்னைப் பார்த்து மூக்கைப் பொத்தியதாக எடுத்துக்கொண்டாள். முதல் வருஷம் இரண்டு பேருக்கும் பேச்சு உப்புச் சப்பில்லாமல்தான் ஓடியது.

முதல் கரு நான்காம் மாதம் தங்காமல் போனது. அன்றைக்கு ஆஸ்பத்திரி நடையில் மருமகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். செவுளம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உடம்புல சத்து இல்லடி உனக்கு. இனி என் பொறுப்பு" என்றாள். அன்று முதல் 'நீ' போய் 'கண்ணு' வந்தது.

இரண்டாவது கரு நின்றது தெரிந்ததும் செவுளம்மா சொன்னதைச் செய்தாள். சுறா, மயில்மீன், பெரிய சூரை என்று ஆள் உயரத்துக்கு வருகிற மீனில்தான் கை வைத்தாள். அதில் வயிற்றுப் பக்கத்துக் கொழுத்த துண்டு. மண்டபத்தில் அதை ஹோட்டல்காரர்கள் முதல் நாளே சொல்லி வைத்து வாங்குவார்கள். அவர்களிடம் "இல்லை" என்று சொல்வதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். வீட்டுக்கு வந்து தானே சமைத்து, சோற்றில் பிசைந்து, முள் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துத் தட்டில் வைப்பாள். மருமகள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவாள். ஒரு மாதத்தில் கண்ணைத் திறந்தே சாப்பிடப் பழகிவிட்டாள்.

"சின்ன மீனெல்லாம் வீட்டுக்குள்ள கொண்டு வரவே மாட்டீங்களா அத்தை?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"அது பூனை திங்கிறது கண்ணு" என்றாள் செவுளம்மா.

ஆற்றின் மேல்பக்கம் முன்பு ஒரு ரசாயன ஆலை இருந்தது. மூடி ஆறு வருஷம் ஆகிறது. அதைப் பற்றி ஏதோ பேப்பரில் வந்ததென்று சுகாதார நிலையத்திலிருந்து ஆட்கள் தெருவுக்கு வந்தார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் ஏழு பேருக்குப் பின்கழுத்திலிருந்து கொஞ்சம் முடி வெட்டி, கவரில் போட்டு, எண் எழுதிக்கொண்டு போனார்கள். தெருவே சிரித்தது. "சவுரி கட்டறதுக்கா?" என்று ஐஸ்காரன் கேட்டான். மூன்று வாரம் கழித்து ஏழு பேரையும் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

ஆறு பேரை ஐந்து நிமிஷத்தில் பேசி அனுப்பிவிட்டார்கள். பூனைக்காரியின் மகளும் அதில் ஒருத்தி; போகும்போது செவுளம்மாவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனாள். மருமகளை மட்டும் நர்ஸம்மா உட்காரச் சொன்னாள். சின்ன அறை. மேசையில் குழந்தை எடை பார்க்கும் தராசு, சுவரில் ஈரம் இறங்கிய கறை. மழை ஜன்னலில் வழிந்துகொண்டிருந்தது.

"வீட்ல என்ன மீன்மா சாப்பிடுவீங்க?" என்று நர்ஸம்மா கேட்டாள்.

"நல்ல மீன்தான்" என்று செவுளம்மா முந்திக்கொண்டாள்.

"நல்ல மீன்னா?"

"சுறா, மயில்மீன், பெரிய சூரை. இந்த உசரம் இருக்கும். அதுல வயித்துத் துண்டு."

"வாரத்துக்கு எத்தனை தடவை?"

"வாரத்துக்கா? தெனமும்மா. மீன் விக்கிற வீட்டுல வாரக் கணக்கா?"

நர்ஸம்மா காகிதத்தைத் திருப்பி வைத்தாள். ஒரு முடியை மூன்று துண்டாக வெட்டிப் பார்த்திருந்தார்கள். முடி மாதத்துக்கு அரை விரற்கடை வளரும். நுனி பழைய மாதம், வேர் இந்த மாதம். நுனித் துண்டுக்கு நேரே இரண்டு. நடுத் துண்டுக்கு ஏழு. வேருக்குப் பதினொன்று. செவுளம்மாவுக்கு எழுத்து வராது. எண் வரும். வியாபாரிக்கு எண் வராமல் இருக்குமா?

"இது என்னம்மா கணக்கு?"

"பாதரசம்மா. காய்ச்சல் பாக்கிற கண்ணாடிக் குழாய்ல வெள்ளையா இருக்கும் பாருங்க, அது. தெருவுல மத்தவங்களுக்கெல்லாம் ஒண்ணு, ஒண்ணரை. இவங்களுக்குத்தான் இவ்ளோ."

"எங்க வீட்டுல காய்ச்சக் குழாயே கிடையாதே."

"மீன்ல இருந்து வருதும்மா."

செவுளம்மா சிரித்தேவிட்டாள். "என் மீன்லயா? அம்மா, நீங்க மண்டபத்துல வந்து கேளுங்க. நான் செவுள் பாக்காம..."

"செவுள்ல தெரியாதும்மா. கண்ணுல தெரியாது. நாத்தம் வராது. இன்னிக்குப் பிடிச்ச மீனா இருந்தாலும் இருக்கும்." நர்ஸம்மா வயதில் சின்னவள். ஆனாலும் அவசரப்படாமல் சொன்னாள். "ஆத்துச் சேத்துல இருந்தும் வருது, எங்கேயோ எரிக்கிற கரிப் புகையில இருந்தும் வருது. தண்ணியில துளிதான் இருக்கும். அதைப் பாசி வாங்கிக்குது. பாசிய சின்ன மீன் திங்குது. அந்த மாதிரி ஆயிரம் சின்ன மீனை ஒரு பெரிய மீன் திங்குது. ஆயிரம் துளியும் அதுக்குள்ளயே தங்கிடும். மீன் எவ்ளோ பெருசோ, எவ்ளோ வயசானதோ, அவ்ளோ சேர்ந்திருக்கும்."

"உப்புப் போட்டு ஊற வெச்சா?"

"போகாதும்மா."

"தோலை உரிச்சிட்டா? கொதிக்க வெச்சா?"

"சதையிலயே இருக்கும்மா. எதுலயும் போகாது."

செவுளம்மா தன் கையைப் பார்த்தாள். வெளுத்துச் சுருங்கிய விரல்கள். இருபத்தெட்டு வருஷம் இந்த விரலை நம்பித்தான் பிழைத்தாள். "அப்ப நான் எதைத் தொட்டுப் பாத்துக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

"தொட்டுப் பாத்தெல்லாம் முடியாதும்மா. எந்த மீன், எவ்ளோ பெருசு, அதைத்தான் பாக்கணும். பெரிய மீன் இனி வேண்டவே வேண்டாம். அதுக்காக மீனையே நிறுத்திடாதீங்க. பிள்ளையோட மூளைக்கு மீன் நல்லது. மத்தி, நெத்திலி மாதிரி வாரத்துல ரெண்டு மூணு நாள் குடுங்க. நிறுத்தினா ரத்தத்துல கொஞ்சம் கொஞ்சமா இறங்கிடும்." பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. வெச்சதெல்லாம் சாப்பிட்டீங்களா? சில பேர் பெரியவங்களுக்குப் பயந்து சாப்பிட்டேன்னு சொல்வாங்க. அதான் கேக்கறேன்."

"சாப்பிட்டேன்" என்றாள் மருமகள். "ஒரு துண்டு கூட விடல." சொல்லிவிட்டு மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பித்துவிட்டு வாத்தியார் முகத்தைப் பார்க்கிற பார்வை. பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவளுக்கே உறைத்தது. கை தானாக வயிற்றுக்குப் போனது.

"பிள்ளைக்கு என்ன ஆகும்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஒண்ணும் ஆகாமலும் இருக்கலாம்மா. நெறையப் பேருக்கு ஒண்ணும் ஆகறதில்ல."

"ஆனா?"

"ஆனா இப்ப பாத்துச் சொல்ல முடியாது. ஸ்கேன்ல தெரியற விஷயம் இல்ல. பிள்ளை பொறந்து, உக்காந்து, நடந்து, பேச ஆரம்பிக்கும்போதுதான்."

"அதுக்கு ரெண்டு வருஷம் ஆகுமே" என்றாள் மருமகள்.

"ஆமாம்மா" என்றாள் நர்ஸம்மா.

திரும்பி வரும்போது ஒரே குடையில் வந்தார்கள். செவுளம்மா குடையை மருமகள் பக்கமே சாய்த்துப் பிடித்ததால் அவளுடைய இடது தோள் முழுக்க நனைந்தது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "அத்தை, நீங்க நல்லதுன்னு நெனச்சுத்தானே குடுத்தீங்க" என்றாள் மருமகள். அதற்கு அவள் திட்டியிருந்தால் தேவலை. செவுளம்மா உள்ளே போய், ஐஸ் பெட்டியில் காலையில் எடுத்து வைத்த துண்டை வெளியே எடுத்தாள். பளபளவென்று இருந்தது. அமுக்கிப் பார்த்தாள். சதை எழும்பியது. குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்து கை கழுவினாள். மூன்று தடவை கழுவினாள்.

மறுநாள் மகன் கடலிலிருந்து வந்தான். இருபத்திரண்டு நாள் உப்புக் காற்று. முகம் கறுத்து, உதடு வெடித்துப் போயிருந்தது. வந்தவன் கையில் சாக்கில் சுற்றிய பெரிய துண்டு. தன் பங்கு மீனில் பொண்டாட்டிக்கென்று ஐஸில் வைத்துக் காப்பாற்றிக் கொண்டுவந்த சுறா வயிறு. அதைச் சமையலறைத் தரையில் வைத்துவிட்டு, "எப்படி?" என்கிற மாதிரி நின்றான். இரண்டு பெண்களும் அதையே பார்த்தார்கள். அவனுக்குப் புரியவில்லை.

அம்மா சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தவன் கடைசியில் கத்தினான். "எவனோ மயிரை வெட்டிட்டுப் போய் என்னத்தையோ எழுதித் தருவான், அதை நம்பிக்கிட்டு உக்காந்திருக்கீங்களா? ஆலையை மூடி ஆறு வருஷமாச்சு!"

"ஆலையத்தான்டா மூடினாங்க. சேத்தை யாரு மூடினது?"

"எங்கப்பன் தின்னல? நான் தின்னல? எனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

"உங்கப்பனுக்கு எடுத்து வெச்சுப் போட நாதி இல்லடா. மிஞ்சினதைத் தின்னாரு. உனக்கும் அதைத்தான் போட்டேன். வசதி வந்தப்புறம் வந்தவ இவ. இவளுக்குத்தான் நான் பாத்துப் பாத்து..."

மகன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். பிறகு குரல் இறங்கிப் போய்க் கேட்டான்: "சரிம்மா. நான் கொண்டு வர்ற மீனை என் பொண்டாட்டி தின்னக் கூடாது. ஊரான் பொண்டாட்டி மட்டும் திங்கலாமா? நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் படகு ஏறுறது?"

மருமகள்தான் எழுந்து போய் அவன் முதுகில் கை வைத்தாள். "குளிச்சிட்டு வாங்க. சாப்பிடலாம்" என்றாள். சாக்கு அங்கேயே கிடந்தது. ஐஸ் உருகித் தண்ணீர் தரையில் ஓடியது. அன்று மூன்று பேரும் வெறும் சோறும் பருப்பும் சாப்பிட்டார்கள். நான்காம் நாள் அவன் படகு ஏறினான். வேறு வேலை தெரிந்தால்தானே ஏறாமல் இருக்க?

அதற்குள் மண்டபத்தில் சேதி எப்படியோ பரவியிருந்தது. மண்டபத் தலைவர் ஒவ்வொரு மேடையாக வந்து, "ஆளாளுக்கு வாயைத் திறக்காதீங்க. ஒருத்தர் பேசினா நாப்பது வீட்டு அடுப்பு அணையும்" என்று சொல்லிவிட்டுப் போனார். செவுளம்மாவின் மேடைக்கு முன்னால் கொஞ்சம் கூடுதலாக நின்றார். அவள் மீனுக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று காலை வந்தவர்களில் ஓர் இளைஞன். சட்டைப் பையில் பேனா செருகிய ஆபீஸ்காரன், மீன் வாங்கிப் பழக்கமில்லாதவன். "அம்மா, உங்ககிட்டதான் நல்ல மீனு கிடைக்கும்னு சொன்னாங்க. அந்தப் பெருசுல ஒரு துண்டு குடுங்க. வயித்துப் பக்கம்" என்றான்.

செவுளம்மா கத்தியை எடுத்தாள். எடுத்த கை நின்றது. "யாருக்கு?" என்று கேட்டாள்.

இருபத்தெட்டு வருஷத்தில் அவள் "எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறாள். "யாருக்கு?" என்று ஒருத்தரையும் கேட்டதில்லை. எதிர் மேடைக்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

"வீட்டுக்குத்தான்."

"வீட்டுல யாரு திங்கறதுக்கு?"

அவன் வெட்கப்பட்டான். "வீட்டுக்காரம்மாவுக்கு. மூணாவது மாசம்."

மண்டபத் தலைவர் நான்கு மேடை தள்ளி நின்றுகொண்டிருந்தார். செவுளம்மா அவரைப் பார்த்தாள். மீனைப் பார்த்தாள். அருமையான மீன். கண்ணாடி மாதிரிக் கண். "இது ஆகாதுப்பா. அந்தப் பக்கத்து மேடையில மத்தி வாங்கிட்டுப் போ. பிள்ளை பொறந்து பால்குடி மறக்கிற வரைக்கும் மத்திதான். பெரிய மீன் பக்கமே போகாத" என்றாள். குரலைத் தாழ்த்தக்கூட இல்லை.

"ஏன், மீனு நல்லா இல்லையா?"

"மீனு ரொம்ப நல்லா இருக்கு" என்றாள் செவுளம்மா.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது வாய். "வீட்டுல ஒண்ணு ஆனா ஊர்த் தலையில மண்ணைப் போடுவாளா?" என்றது ஒன்று. "இத்தனை நாள் ஹோட்டல்காரனுக்குக் கூடக் குடுக்காம மருமகளுக்குத் திணிச்சா. இப்ப ஞானம் வந்துருச்சு" என்றது இன்னொன்று. அந்த இரண்டாவது சொல்தான் சுருக்கென்று தைத்தது. செவுளம்மா கத்தியைத் தீட்டிக்கொண்டாள். வயதானவர் ஒருவர் வந்தார். அவருக்கு அதே மீனில் ஒரு துண்டு அறுத்துக் கொடுத்தாள். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த பெண்ணை மத்திக்கு அனுப்பினாள். மதியத்துக்குள் மீன் பாதி அப்படியே கிடந்தது. ஐஸ்காரன் வழக்கமாகப் போடும் கேலி எதையும் போடாமல் கூடுதலாக ஒரு கட்டி ஐஸ் வைத்துவிட்டுப் போனான்.

மேடையைக் கழுவிவிட்டு அவள் பக்கத்து மேடைக்குப் போய் நின்றாள். இரண்டு மேடைக்கும் நடுவே நாலே அடி. இத்தனை வருஷத்தில் அந்த நாலடியை வாங்குவதற்கென்று அவள் கடந்ததில்லை. பூனைக்காரி பையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். செவுளம்மாவின் கை, பழக்க தோஷத்தில், ஒரு மத்தியை எடுத்து நகத்தால் செவுளைத் தூக்கிப் பார்த்தது.

"அக்கா, மத்திக்குச் செவுள் பாக்கிற ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்றாள் பூனைக்காரி. பிறகு சும்மா இருக்க மாட்டாமல், "யாருக்குக்கா?" என்றாள்.

தெரியாமல் கேட்டாளோ, காலையிலிருந்து செவுளம்மா எல்லாரையும் கேட்ட கேள்வியைத் திருப்பிக் கேட்டாளோ, எனக்குத் தெரியாது. மருமகளுக்கு என்று சொல்லச் செவுளம்மாவுக்கு வாய் வரவில்லை. எத்தனை நாள் இந்த மேடையைப் பார்த்து என்னென்ன சொல்லியிருக்கிறாள்! தலையைக் குனிந்துகொண்டு, "பூனைக்கு" என்றாள்.

பூனைக்காரி சிரிக்கவில்லை. கட்டிய பையை அவிழ்த்துக் கொட்டினாள். ஐஸுக்கு அடியிலிருந்து அன்று காலை வந்த மத்தியாகப் பார்த்துப் பொறுக்கிப் பன்னிரண்டு எடுத்து வைத்தாள். "நடு முள்ள வாலுல இருந்து தலைப்பக்கமா இழுங்கக்கா. மொத்தமா வந்துரும். உங்களுக்குப் பெரிய மீன் முள்ளுதான் பழக்கம்" என்றாள். அவ்வளவுதான். செவுளம்மா தலையாட்டிவிட்டுக் கிளம்பினாள்.

சாயங்காலம் மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. சமையலறை ஜன்னலுக்கு வெளியே கூரைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. செவுளம்மா மீனை வறுத்துத் தட்டில் வைத்து, பூனைக்காரி சொன்னபடி வாலிலிருந்து இழுத்தாள். முதல் மீனில் முள் பாதியிலேயே முறிந்தது. இரண்டாவதில் மொத்தமாக வந்தது. மயிர் மாதிரி முட்கள். ஒவ்வொன்றையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்து எடுத்தாள். மருமகள் எதிரே சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஏதோ சட்டை, கையில் ஊசி. அவள் தைக்கவில்லை என்பதைச் செவுளம்மா கவனித்தாள். சுகாதார நிலையத்துக்குப் போய் வந்த நாளிலிருந்தே அவள் எதையும் செய்யாமல் வயிற்றில் கை வைத்து, உள்ளே ஏதாவது அசைகிறதா என்று காத்துக்கொண்டிருக்கிறாள்.

"அசையுதா கண்ணு?"

"அசையுது அத்தை. காலையில இருந்து மூணு தரம்."

"நல்லா அசையுதா?"

"எப்பவும் போலத்தான்."

எப்பவும் போல என்றால் நல்லதா கெட்டதா என்று கேட்க யாரும் இல்லை. செவுளம்மா இன்னும் ஒரு மீனை எடுத்தாள். அன்றிலிருந்து செவுளம்மாவின் நெஞ்சுக்குள் ஒரே ஒரு நினைப்புதான் ஓடிக்கொண்டிருந்தது. மண்டபத்தில், சாக்கடை ஓரத்தில், படுக்கையில், எங்கேயும் அது விடவில்லை. மீன் வாடை ஆகாத பெண். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிய பெண். அப்படிப்பட்டவள் இத்தனை மாதம் தினமும் எப்படித் தின்றிருப்பாள்? மாமியார் கை கழுவப் போனதும் தட்டை ஜன்னலுக்கு வெளியே கவிழ்க்காமலா இருந்திருப்பாள்? உலகத்தில் எந்த மருமகள் மாமியார் சொன்னதை அப்படியே கேட்டாள்?

"கண்ணு."

"என்ன அத்தை?"

"அன்னிக்கு நர்ஸம்மாகிட்ட ஒரு துண்டு கூட விடலன்னு சொன்னியே. நான் பக்கத்துல இருந்தேன். அதனாலதானே அப்படிச் சொன்ன? என் மனசு நோகக் கூடாதுன்னு?"

மருமகள் மடியிலிருந்த சட்டையை இழுத்துச் சரிசெய்தாள்.

"நெஜத்தச் சொல்லு. நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆத்தா சத்தியமா மாட்டேன். ஒரு நாளாவது என்ன ஏமாத்தினியா? எங்கயாவது தூக்கிப் போட்டியா?"

மருமகள் மாமியாரைப் பார்த்தாள். அந்த முகத்தில் அவள் அதுவரை பார்க்காத ஒன்று இருந்தது. ஏலத்தில் படகுக்காரர்களை விரட்டுகிற முகம், இல்லை என்று சொல்லவே சந்தோஷப்படுகிற முகம், ஒரு பொய்க்காக அவள் முன்னால் கையேந்திக் கொண்டிருந்தது. மருமகள் ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தாள்.

"ஆமா அத்தை" என்றாள். "சொல்லப் பயமா இருந்துச்சு."

"போட்டியா?"

"போட்டேன். பாதி நாளுக்கு மேல. நீங்க அந்தப் பக்கம் போனதும் பூனைக்குப் போட்டுருவேன்."

அலமாரியில் சீனி டப்பாவுக்கு அடியில் அந்தக் காகிதம் மடித்து வைத்திருந்தது. இரண்டு, ஏழு, பதினொன்று. எண்கள் செவுளம்மாவுக்கு மனப்பாடம். வாசலுக்கு வெளியே வலைக் கிடங்கு நாய்கள் எதையோ துரத்திக்கொண்டு ஓடின.

"நல்ல காரியம் பண்ணின" என்றாள். "மாமியாரை ஏமாத்தத் தெரிஞ்ச மருமகதான் குடும்பம் நடத்துவா. ரொம்ப நல்ல காரியம் பண்ணின கண்ணு."

முள் எடுத்த மத்தியைச் சோற்றில் வைத்து, இன்னொரு தடவை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, தட்டை மருமகள் பக்கம் நகர்த்தினாள். மருமகள் முதல் கவளத்தை எடுத்து மாமியார் பார்க்கும்படியே மென்று விழுங்கினாள்.

எந்தப் பூனை என்று செவுளம்மா கேட்கவில்லை.